மூன்று கூடாரங்கள்

சொற்களுக்கும் மனிதரைப் போலவே பிறப்பும் வளர்ப்பும் உண்டு. அவை பட்ட பாடும் உண்டு. ஒரு சொல்லின் பொருளை அகராதியிற் கண்டுகொள்ளலாம். ஆனால், அச்சொல் ஒரு குடும்பத்தினுள் எதைச் சுமந்து திரிகின்றது என்பதை அகராதி சொல்லாது. 'முகாம்' என்ற சொல்லை நான் அறிந்திருப்பதாகவே இருபத்திரண்டு வயது வரை எண்ணியிருந்தேன். அரபு மொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொல். தங்குமிடம் என்பது பொருள். பழந்தமிழில் இதனைப் பாசறை என்றும் பாடிவீடு என்றும் வழங்கினர். நெடுநல்வாடையின் மன்னன் கூதிர்கால நள்ளிரவில் உறக்கமின்றிப் புண்பட்ட வீரரைக் கண்டு திரிந்த இடம் பாசறையே என்று விரிவுரை மண்டபத்திற் குறிப்பெடுத்துக்கொண்டதும் உண்டு. இவ்வளவும் தெரிந்தமையால் அச்சொல் தெரிந்துவிட்டதென்று கருதியது என் பேதைமை. அதனை உணர்த்தியது 2024 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திற் குமண தேசிய பூங்காவில் எமது குடும்பம் கழித்த இரண்டு இரவுகள்.

விடுமுறைக்காக வீடு சென்றிருந்தேன். எமது ஊர் திருக்கோவிற் கடலோரம். அக்காவின் கணவர் மட்டக்களப்பு நகரைச் சேர்ந்தவர், விஞ்ஞான ஆசிரியர். பறவைகளிலும் மரஞ்செடிகளிலும் தீராத மோகம் உடையவர். அவருக்குப் பிள்ளைகள் இருவர். மூத்தவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு நான்கு. பிள்ளைகள் யானையைப் புத்தகத்திலும் கைத்தொலைபேசியிலும் மாத்திரமே கண்டு வளர்வது அத்தானுக்குப் பெருங்குறையாக இருந்தது. ஒருநாள் மாலை, தேநீர் அருந்திக்கொண்டிருக்கையில், "இந்த லீவில எல்லாரும் குமணக் காட்டில முகாம் போட்டு ரெண்டு நாள் தங்குவம்" என்றார். பிள்ளைகள் துள்ளிக் குதித்தனர். அக்கா மறுமொழி கூறாது எழுந்து உள்ளே சென்றாள். அம்மா சற்று நேரம் கிண்ணத்தையே பார்த்திருந்துவிட்டுக் கேட்டார்:

"வீடு வாசல் இருக்கக்குள்ள ஏன் மனே தறப்பாளுக்குள்ள போய்க் கிடக்கணும்?"

அத்தான் சிரித்தார். நானுஞ் சிரித்தேன். அந்தச் சிரிப்பை எண்ணி இப்போது வெட்கப்படுகின்றேன்.

எமது வீட்டில் 'முகாம்' என்பது காலத்தைக் குறிக்கும் சொல். "அது முகாமில இருக்கக்குள்ள நடந்தது" என்று அம்மா சொல்வார். எந்த முகாம் என்று கேட்டால்தான் ஆண்டு தெரியவரும். அம்மா பொத்துவிலிற் பிறந்தவர். 1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதியிற் போர் மீண்டும் மூண்டபோது அவருக்குப் பதினாறு வயது. வீட்டை விட்டோடிக் காட்டோரத்திற் சில இரவுகளைக் கழித்துத் திருக்கோவிலுக்கு வந்து சேர்ந்தவர்களுள் அவர் குடும்பமும் ஒன்று. தறப்பாளுக்கும் கிடுகுக்கும் கீழே கழிந்த அந்தக் காலம் முதலாவது முகாம். பின்னர் அவ்வூரிலேயே மணமுடித்துக் கடலோரத்தில் வீடு கட்டினார். 2004 டிசம்பர் 26 ஆம் நாட் காலையில் ஆழிப்பேரலை அவ்வீட்டைக் கொண்டுபோயிற்று. அப்போது அக்காவுக்குப் பத்து வயது, எனக்கு இரண்டு. உதவி நிறுவனம் ஒன்று வழங்கிய வெள்ளைக் கூடாரத்தில் நாங்கள் பல மாதங்கள் வாழ்ந்தோமாம். அது இரண்டாவது முகாம். எனக்கு அதில் ஒன்றும் நினைவில்லை. நினைவில்லாமையால் நான் சிரித்தேன். நினைவிருந்தமையால் அக்கா எழுந்து சென்றாள்.

ஆயினும் பிள்ளைகளின் ஆசையே வென்றது. "புள்ளையள் கேட்டுட்டுதுகள், போவம்" என்று இரண்டாம் நாள் அம்மா சம்மதித்தார். மாடுகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று அப்பா வீட்டில் நின்றுவிட்டார்.

வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தில் முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும். தங்குமிடம் இன்னதென்று அவர்களே ஒதுக்கித் தருவர். திணைக்களத்தின் வழிகாட்டி ஒருவர் உடன் வருவார். குடிநீரும் உணவும் கூடாரமும் நாமே கொண்டுசெல்ல வேண்டும். இவற்றையெல்லாம் அத்தான் பட்டியலிட்டுச் சேர்த்தார். அம்மா தமக்கெனத் தனியே ஒரு பட்டியல் வைத்திருந்தார்; அது எழுதப்படாதது. தீப்பெட்டிகள் இரண்டைப் பொலித்தீனிற் சுற்றினார். அவலும் சீனியும் ஒரு பேணியில் அடைத்தார். பழைய சேலைகள் மூன்றை மடித்து வைத்தார். இறுதியில், அலுமாரியின் அடித்தட்டிலிருந்து நீல நிறப் பையொன்றை எடுத்துத் தம் உடுப்புகளுக்கு நடுவே வைத்தார். அப்பையை நாங்கள் அறிவோம். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், அப்பாவின் சேமிப்புப் புத்தகம், எனது பல்கலைக்கழக அனுமதிக் கடிதத்தின் பிரதி முதலியவை அதனுள் இருக்கும். கடல் சற்று இரைந்தாலும், பெருமழை பெய்தாலும் அம்மாவின் கை முதலில் அதனையே தேடும்.

"காட்டுக்குள்ள உறுதி என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"படுக்கைக்கு எங்க போனாலும் அது என்னோட வரும்" என்றார்.

விடியற்காலையிற் புறப்பட்டோம். பொத்துவிலைக் கடக்கையில் அம்மா யன்னலோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அறுகம்பையில் வெள்ளைக்காரப் பயணிகள் அலைச்சறுக்குப் பலகைகளோடு கடலை நோக்கி நடந்துகொண்டிருந்தனர். அதற்கப்பால் வயல்களும் களப்புகளும். பாணமை வந்தது. தமிழரும் சிங்களவரும் தலைமுறை தலைமுறையாகக் கொண்டு கொடுத்து வாழ்ந்த ஊர் அது. கண்ணகியையும் பத்தினித் தெய்வத்தையும் வேறுபிரிக்க முடியாத ஊர். பாணமைக்குத் தெற்கே செம்மண் பாதை. இருமருங்கும் பற்றைக்காடும் வெட்டவெளியும் மாறிமாறி வந்தன. தொலைவிற் பாறைக் குன்றுகள் தெரியத் தொடங்கியதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். உகந்தை முருகன் ஆலயத்தில் இறங்கிக் கற்பூரம் ஏற்றினோம். பூங்காவின் வாயில் அங்கேதான்.

குமணக் காட்டை எமது பக்கத்தவர் பூங்காவாக அறிந்தது பிற்காலத்தில். முன்பு அது கதிர்காமத்துக்கு நடக்கும் வழியே. வடக்கிலும் கிழக்கிலுமிருந்து புறப்படும் பாதயாத்திரிகர்கள் உகந்தையில் தங்கி, காட்டினுட் புகுந்து, கும்புக்கன் ஓயாவைக் கடந்து, யால வழியாகக் கதிர்காமத்தைச் சென்றடைவர். கும்புக்கன் ஓயாவை நம்மவர் குமுக்கன் ஆறு என்பர். இக்காடு 1970 ஆம் ஆண்டிற் கிழக்கு யால தேசிய பூங்கா எனப் பிரகடனம் செய்யப்பட்டது; குமண என்ற பெயரைப் பெற்றது 2006 இல். போரினால் 1985 இல் மூடப்பட்ட பூங்கா 2003 இலேதான் மீளத் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே ஆழிப்பேரலை அக்கரையோரத்தையும் தாக்கிற்று. எமது குடும்பத்தின் ஆண்டுகளும் அக்காட்டின் ஆண்டுகளும் இவ்வாறு ஒத்துப்போவதை நான் அன்றுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

எமக்கு வாய்த்த வழிகாட்டி பாணமையைச் சேர்ந்த முதியவர். தமிழ் நன்றாகப் பேசினார். அம்மாவை 'அக்கா' என்று அழைத்தார். வண்டியை விட்டு இறங்கக்கூடாத இடங்கள், உரத்துப் பேசக்கூடாத இடங்கள் எவை என்று பிள்ளைகளுக்கு விளக்கினார். மாலை ஆறு மணிக்குப் பிறகு முகாமை விட்டு அசையக்கூடாது என்றார். சின்னவன் அவர் முகத்தையே பார்த்திருந்துவிட்டு, "யானை நம்மட கூடாரத்துக்கு வருமா?" என்று கேட்டான். அவர் பதிலளிக்குமுன் அம்மா, "காட்டுக்குள்ள அந்தப் பேர் சொல்லப்படாது, பெரியவர் எண்டு சொல்லணும்" என்றார். முதியவர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "அக்கா நடந்த ஆள் போல" என்றார்.

அப்போதுதான் எங்களுக்கே அது தெரியவந்தது. எட்டு வயதில் அம்மம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அம்மா இக்காட்டு வழியே கதிர்காமத்துக்கு நடந்திருக்கின்றார். அது 1982 ஆம் ஆண்டு. இதை ஏன் ஒருநாளும் சொல்லவில்லை என்று அக்கா கேட்டாள். "ஆரு கேட்டீங்க?" என்றார் அம்மா.

எமக்கு ஒதுக்கப்பட்ட இடம் குமுக்கன் ஆற்றங்கரை. வானளாவ வளர்ந்த மருத மரங்களின் வேர்கள் கரையைப் பற்றிக்கொண்டு நின்றன. கோடையாதலால் ஆறு நடுவே மணற்றிட்டுகளாகப் பிரிந்து, தெளிந்த நீராய் ஓடிற்று. வண்டியிலிருந்து இறங்கியதும் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நீரருகே சென்று நெடுநேரம் நின்றார். "இதில குளிச்சுட்டு எல்லாரும் அரோகரா சொல்லித்தான் அங்கால போவம்" என்றார்.

கூடாரம் அடிக்கும் படலம் தொடங்கிற்று. அது புதிய கூடாரம், கொழும்பில் வாங்கியது, செம்மஞ்சள் நிறம். அதனோடு வந்த படத்தைப் பார்த்துப் பார்த்து அத்தானும் நானும் கம்பிகளைப் பொருத்தினோம். ஒருபுறம் எழுந்தால் மறுபுறம் படுத்தது. பிள்ளைகளின் சிரிப்பொலி காட்டை நிறைத்தது. அரைமணி நேரம் பொறுத்திருந்த அம்மா, எழுந்து வந்து கயிற்றை என் கையிலிருந்து வாங்கினார். முளைகளைச் சாய்வாக அறைந்தார்; கயிறுகளை இழுத்து ஒருவித முடிச்சுப் போட்டார்; காற்று வரும் திசையைப் பார்த்து வாயிலைத் திருப்பினார். பின்னர் தடியொன்றினாற் கூடாரத்தைச் சுற்றி ஒரு சாண் ஆழத்தில் வாய்க்கால் தோண்டத் தொடங்கினார். "மழை இல்லாத காலத்தில வாய்க்கால் எதுக்கு மாமி?" என்று அத்தான் வியந்து கேட்டார். அம்மா தலை நிமிராமலே, "மழை சொல்லிப்போட்டா வரும்?" என்றார். அத்தான் மேற்கொண்டு பேசவில்லை. மண்வெட்டியை எடுத்து மற்றப் பக்கத்தைத் தோண்டலானார்.

அக்கா கூடாரத்தினுள் நுழையவில்லை. பிள்ளைகள் உள்ளே பாய் விரித்து, தலையணை அடுக்கி, 'வீடு விளையாட்டு' ஆடினர். "அம்மா, வந்து பாருங்க, நம்மட வீடு" என்று மூத்தவள் அழைத்தாள். அக்கா வாயில்வரை சென்று, குனிந்து, பின்வாங்கி வந்து மரவேரில் அமர்ந்தாள். நான் அருகிற் சென்றேன். "அந்த மணம்" என்றாள். வெயிலிற் சூடேறிய கூடாரத் துணியின் மணம். 2005 ஆம் ஆண்டின் நண்பகல்களில், வெள்ளைக் கூடாரத்தினுள், அந்த மணத்தோடு அவள் ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பாடங்களைப் படித்தாளாம். உள்ளே இருந்தால் வேர்வை கொப்பியில் விழும்; வெளியே இருந்தால் யாராவது படம் பிடிப்பார்கள். "நீ அண்டைக்கு என்ட மடியில நித்திரை" என்றாள். கூடாரத்தில் நான் உறங்கியிருக்கிறேன், அவள் விழித்திருக்கிறாள். எங்களிருவருக்கும் இடையேயுள்ள எட்டு வயது வேறுபாட்டின் அளவு எனக்கு அன்று விளங்கிற்று.

மாலையில் வழிகாட்டியோடு குமண வில்லுக்குச் சென்றோம். ஏறத்தாழ 200 ஹெக்டேயர் பரப்புடைய இயற்கைச் சதுப்பு நீர்நிலை அது. கும்புக்கன் ஓயாவிலிருந்து ஒடுங்கிய கால்வாயொன்றின் வழியே நீர் பெறுவது. கண்டல் மரங்கள் சூழ்ந்தது. வைகாசி, ஆனி மாதங்களிற் பறவைகள் அங்கே கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும். நாம் சென்றபோது அக்காலம் முடிந்துவிட்டது. எனினும், மஞ்சள் மூக்கு நாரைகளும் கரண்டிவாயன்களும் நத்தைகுத்தி நாரைகளும் ஆழமற்ற நீரில் நின்று இரை தேடிக்கொண்டிருந்தன. கூழைக்கடாக்கள் கூட்டமாக வந்து, கால்களை முன்னே நீட்டி, நீரைக் கிழித்துக்கொண்டு இறங்கின. அத்தான் பெயர்களைச் சொல்லச் சொல்ல மூத்தவள் கொப்பியில் எழுதிக்கொண்டாள். கரையோரம் மரக்கட்டையெனக் கிடந்தது முதலையென்று வழிகாட்டி காட்டியபோது சின்னவன் என் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டான். புள்ளிமான் கூட்டமொன்று புல்வெளியிலிருந்து தலைதூக்கி எம்மைப் பார்த்தது. "அதுகளுக்கு வீடு எங்க?" என்று கேட்டான் அவன். "இதுதான்" என்றார் வழிகாட்டி. "கதவு இல்லையே" என்றான். நாங்கள் அனைவரும் சிரித்தோம், அம்மாவும் சிரித்தார். புறப்பட்டதிலிருந்து அதுவே அவருடைய முதற் சிரிப்பு.

அன்றிரவு நடந்ததைச் சொல்லவே இக்கட்டுரையை எழுத அமர்ந்தேன்.

றொட்டியும் கருவாட்டுச் சம்பலும் உண்டு, நெருப்பைச் சிறிதாக்கிவிட்டுப் படுத்தோம். பிள்ளைகள் நடுவே, அம்மா அவர்களருகே, அத்தான் ஒரு கரையில், வாயிலோரம் நான். அக்கா மாத்திரம் வண்டியினுட் படுத்தாள். நள்ளிரவு கடந்திருக்கும். கிளையொன்று முறியும் ஓசை கேட்டு விழித்தேன். பின்னர் ஓசையில்லை. அது யானையின் இயல்பு என்பார்கள். அத்துணைப் பேருடல் அத்துணை மெதுவாக நடக்கும். மீண்டும் ஒரு முறிவு, முன்னையதிலும் அருகே. நீரருந்த ஆற்றுக்கு வந்திருக்கின்றது. வெளியே வழிகாட்டி, "லைட் போடாதீங்க, பேசாதீங்க" என்று தாழ்ந்த குரலிற் சொன்னார். அதன் மூச்சு எமக்குக் கேட்டது. மெல்லிய துணியொன்றே அதற்கும் எமக்கும் இடையே இருந்தது.

சின்னவன் விழித்துக்கொண்டான். இருளில் அவன் உதடு பிதுங்குவதை உணர்ந்தேன். அடுத்த கணம் வீறிட்டு அழுவான். அம்மாவின் கை எழுந்தது. அவன் வாயை நோக்கி அது விரைந்ததை நெருப்பின் மங்கலான ஒளியிற் கண்டேன். விரைந்த கை, அவன் முகத்துக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது. நின்று நடுங்கிற்று. பின்னர் அக்கையைப் பின்னிழுத்து, விரல்களை விரித்து அவன் உள்ளங்கையில் வைத்தார். அவன் காதோடு வாயை வைத்து, "அம்மம்மாட விரல எண்ணு மனே. சத்தமில்லாம எண்ணு. எண்ணி முடிய பெரியவர் போயிருவார்" என்றார். அவன் எண்ணினான். ஒரு கையை முடித்து மறுகையை எண்ணினான். பத்துக்குமேல் எண்ணத் தெரியாதாகையால் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கினான். எத்தனை முறை எண்ணினானோ அறியேன். நீரிற் கால்கள் அளையும் ஓசை கேட்டது. அக்கரையிற் பற்றைகள் அசைந்தன. பின் சில்வண்டுகள் மாத்திரம். சின்னவன் விரலைப் பற்றியபடியே உறங்கிவிட்டான்.

எமக்கு உறக்கம் வரவில்லை. அம்மா வெளியே வந்து நெருப்பருகே அமர்ந்தார். வண்டியிலிருந்து அக்காவும் இறங்கி வந்தாள். அம்மா தாமாகவே சொல்லத் தொடங்கினார்.

1990 இல் ஓடி ஒளிந்த இரண்டாம் இரவு. பற்றைக்குள் ஐந்து குடும்பங்கள். பாதையில் ஆட்கள் நடமாடும் ஓசை. அம்மாவின் தம்பிக்கு அப்போது நான்கு வயது. அம்மாவின் மடியில் இருந்தான். அவன் அழ வாயெடுத்தான். அம்மா கையால் வாயைப் பொத்தினார். ஓசை நெருங்க நெருங்கக் கை இறுகிற்று. ஓசை அகன்ற பின்னரும் கையை எடுக்க அஞ்சினார். எடுத்தபோது பிள்ளை அசையவில்லை.

"செத்துட்டானெண்டுதான் நினைச்சன். நான்தான் கொண்டுட்டன் எண்டு நினைச்சன். அம்மா அவனத் தலைகீழாப் புடிச்சுத் தட்டினா. எவ்வளவு நேரமெண்டு தெரியா. பொறகு மூச்சு வந்திச்சு."

அந்தத் தம்பிதான் எனது சின்ன மாமா. இன்று கனடாவில் இருக்கின்றார். பிறந்தநாள் தவறாது அழைப்பார். தொலைபேசியில் ஓயாது பேசுவார், உரத்துச் சிரிப்பார். அவர் உரத்துச் சிரிக்கும்போதெல்லாம் அம்மா ஏன் கண்ணைத் துடைத்துக்கொள்வார் என்று நாங்கள் கேட்டதில்லை. மாமாவுக்கு இது தெரியுமா என்று அக்கா கேட்டாள். தெரியாதென்று அம்மா தலையசைத்தார். முப்பத்து நான்கு ஆண்டுகளாக அம்மாவின் அந்தக் கை எங்களுக்குச் சோறூட்டியிருக்கின்றது, தலை வாரியிருக்கின்றது, நான் பல்கலைக்கழகத்துக்குப் புறப்பட்ட நாளில் என் நெற்றியில் திருநீறு இட்டிருக்கின்றது. அது என்ன அறிந்திருந்தது என்பதை நாங்கள் அறிந்திருக்கவில்லை.

அக்கா ஒன்றுஞ் சொல்லவில்லை. அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கிழக்கு வெளுக்கும் வேளையில், இருவரும் கூடாரத்தினுட் சென்று பிள்ளைகளின் இருபுறமும் படுத்துக்கொண்டனர். துணியின் மணத்தைப் பற்றி அக்கா பிறகு பேசவில்லை. அது போய்விட்டதென்று நான் கூறமாட்டேன். அவள் உள்ளே சென்றாள் என்று மாத்திரமே கூறுவேன்.

மறுநாட் காலை ஆற்று மணலில் யானையின் காலடிகளைக் கண்டோம். சின்னவன் ஒரு காலடியினுள் இரு கால்களையும் வைத்து நின்று, "பெரியவர்ட செருப்பு" என்றான். ஆழமற்ற இடமொன்றை வழிகாட்டி தேர்ந்து காட்ட, அனைவரும் நீராடினோம். அம்மா மூன்று முறை முழுகி எழுந்து, எவருக்கும் கேளாத குரலில் அரோகரா என்றார். அவ்வேளை நீண்ட வாலுடைய குரங்கொன்று எமது பாண் பையைத் தூக்கிக்கொண்டு மருத மரத்தில் ஏறிவிட்டது. அத்தான் கைதட்டித் துரத்த, பிள்ளைகள் ஆர்ப்பரிக்க, அது மேலிருந்தபடி ஒவ்வொரு துண்டாக உண்டது. அப்போது எனக்கொன்று தோன்றிற்று: நீலப் பை எங்கே? ஓடிச்சென்று பார்த்தேன். கூடாரத்தின் வாயில் திறந்து கிடந்தது. அம்மாவின் உடுப்புகளுக்கு மேலே, எவரும் எடுத்துச் செல்லக்கூடியவாறு, பை இருந்தது. அதனை அங்கே விட்டுவிட்டு அம்மா ஆற்றில் நின்றுகொண்டிருந்தார். மறந்தாரா, விட்டாரா என்பது எனக்குத் தெரியாது. நான் அதனை எடுத்து மறைக்கவில்லை, இருந்தவாறே இருக்கவிட்டேன்.

விடுமுறைக் காலத்திற் கூடாரமடித்துக் காட்டிற் தங்குவது இன்று உலகெங்கும் பரவியுள்ள வழக்கம். இயற்கையோடு வாழ்தல், எளிமையைப் பயிலுதல் என்று அதன் பயன்களைப் பலர் எழுதுகின்றனர். அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் கூடாரத்தில் மனிதருக்கு இன்பம் தருவது எது? கடினமான தரை அன்று; கொசுக்கடி அன்று; அரைவேக்காட்டுச் சோறும் அன்று. இவை யாவும் அகதி முகாமிலும் உண்டு. இரண்டு இரவுகள் என்று அனுமதிச் சீட்டில் எழுதியிருக்கின்றதே, அதுவே இன்பம். மூன்றாம் நாள் திரும்பிச் செல்ல ஒரு வீடு இருக்கின்றது. அதன் திறப்பு சட்டைப்பையில் இருக்கின்றது. மாடுகளுக்கு வைக்கோல் போட அப்பா இருக்கின்றார். திரும்பும் நாள் தெரிந்தவனுக்குக் கூடாரம் விளையாட்டு. தெரியாதவனுக்கு அது வாழ்வு. துணி ஒன்றுதான், கயிறும் ஒன்றுதான், அம்மா போட்ட முடிச்சும் ஒன்றுதான்.

ஆகவே எம்மைப் போன்ற குடும்பங்கள் காட்டுக்குப் போகாமல் இருக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. அம்மாவுக்குக் காடு முதலில் அச்சமாக வந்ததன்று. அம்மம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்து நடந்த பாதையாக அது வந்தது. பின்னரே ஒளியும் இடமாயிற்று. எட்டு வருடங்களுக்குள் நிகழ்ந்த அம்மாற்றம் முப்பத்து நான்கு வருடங்கள் நிலைத்தது. நாங்கள் போகாதிருந்திருந்தால் அந்த முதலாவது காட்டை நான் அறிந்திருக்கமாட்டேன்.

பிள்ளைகளுக்கு எதைச் சொல்வது, எப்போது சொல்வது என்பதில் அக்காவும் அத்தானும் இன்னும் ஒருமுடிவுக்கு வரவில்லை. ஏழு வயதுப் பெண்ணுக்கு 'முகாம்' என்றால் கூழைக்கடாவும் பாண் திருடிய குரங்கும். அந்தப் பொருளை அவளிடமிருந்து பறிக்க எவருக்கும் உரிமையில்லை என்கிறார் அத்தான். ஆனால் அம்மம்மா ஏன் வாய்க்கால் தோண்டினார் என்று அவள் ஒருநாள் கேட்பாள். கேட்டால் மறைக்கக்கூடாது என்கிறாள் அக்கா. இரண்டும் நியாயமாகவே எனக்குத் தோன்றுகின்றன. எமது வீட்டின் குறை சொல்லாமை மாத்திரமன்று. கேளாமையும் அதிற் பாதி. நெடுநல்வாடையின் பாசறையைப் பற்றிப் பதினைந்து பக்கம் எழுதிய நான், என் தாய் வாழ்ந்த முகாமைப் பற்றி ஒரு கேள்வியுங் கேட்டதில்லை.

மூன்றாம் நாட் காலை கூடாரத்தைப் பிரித்தோம். முளைகளைப் பிடுங்கி, துணியை உதறி, அம்மா சொன்ன முறையில் மடித்தோம். வாய்க்காலை மண்ணிட்டு மூடினோம். வந்த சுவடு தெரியாது திரும்ப வேண்டும் என்பது பூங்காவின் விதி. வண்டி புறப்படுகையில் சின்னவன் மடித்த கூடாரத்தைச் சுட்டிக்காட்டி, "இது இனி எப்ப?" என்று கேட்டான்.

"உனக்கு எப்ப வேணுமோ அப்ப மனே" என்றார் அம்மா.